இரட்டை ஊர்ச் சங்கம்: இந்த வருடமும் விருந்து மேசைதான் விற்கப் போகிறோமா?

பால்மரத்துப்பேரன் (சுங்கை சிப்புட், மலேசியா)

வணக்கம். ஆண்டுக் கூட்டத்துக்கு வராதவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஊரோடு நாம் இரட்டை ஊராகக் கைகோத்ததிலிருந்து, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நிதி திரட்டுவது என்றால் ஒரே வழிதான்: ஹால் எடு, விருந்து மேசைகளை வில், இசைக்குழுவைக் கூப்பிடு. கூட்டத்தில் நான் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் வரவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன். விருந்தில் வசூலாகும் பணத்தில் எவ்வளவு அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேருகிறது?

ஒரு மாதிரிக் கணக்கு போடுங்கள். பத்துப் பேர் உட்காரும் மேசை 800 வெள்ளி (ரிங்கிட்), நாற்பது மேசை என்றால் 32,000. சாப்பாடு தலைக்கு 45 வெள்ளி, அது 18,000. ஹால், மேடை, ஒலி ஒளி 5,000. இசைக்குழு 3,000. மாலை, பொன்னாடை, நினைவுச் சின்னம், பேனர், அழைப்பிதழ் எல்லாம் சேர்த்து 2,000. மிச்சம் 4,000. இதில் இலவசமாகக் கொடுத்த மேசையை நான் கழிக்கவே இல்லை. நம்ம ஆண்டறிக்கையும் இதிலிருந்து ரொம்பத் தூரத்தில் இல்லை.

இன்னொரு விஷயம் பணத்தைவிட எனக்கு உறுத்துகிறது. தலைக்கு 80 வெள்ளி கொடுத்து நம்ம தோட்டத்து ஆட்களில் எத்தனை பேர் வர முடியும்? இலங்கை மலையகத்துத் தொழிலாளிக்கு உதவப் போகிற நிகழ்ச்சிக்கு, இங்கே நாற்பது வருடம் பால் வெட்டின பெரியம்மா உள்ளே வர முடியவில்லை. அவங்களிடம் பத்து வெள்ளி கேட்டால் மடியிலிருந்து எடுத்துக் கொடுப்பாங்க. நாம் கேட்பதே இல்லை.

மேசைநாலு

தம்பி, கணக்கு சரி. ஆனால் விருந்தை வெறும் வரவு செலவா மட்டும் பார்க்காதீங்க.

ரப்பர் தோட்டம் எல்லாம் செம்பனைக்கும் தாமானுக்கும் (வீடமைப்புப் பகுதிக்கும்) போன பிறகு நம்ம ஜனங்க கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் என்று சிதறிப் போயிட்டாங்க. திருவிழா, கல்யாணம், சாவு இதை விட்டால் ஒண்ணா உட்கார வேற என்ன இருக்கு? போன விருந்தில் எங்க மேசையில் உட்கார்ந்த பத்து பேரும் ஒரே லயத்துப் (தோட்டத்து வரிசை வீட்டுப்) பிள்ளைங்க. முப்பது வருடம் கழித்துப் பார்த்துக்கிட்டோம். ஒருத்தர் முகத்தைக் கண்டுபிடிக்க முடியல, அவங்கப்பா பேரைச் சொன்ன பிறகுதான் தெரிஞ்சது. பரதநாட்டியம் ஆடின பிள்ளைங்களுக்கு மேடை கிடைச்சது. பெரிய கம்பெனிக்காரங்க நன்கொடை கொடுக்கணும்னா அவங்களைக் கூப்பிட்டு உட்கார வைக்க ஒரு இடம் வேணும். விருந்தை நிறுத்தினால் அவங்களும் போயிடுவாங்க.

பால்மரத்துப்பேரன்

அண்ணே, விருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. அதற்கு 'நிதி திரட்டும் விருந்து' என்று பேர் வைத்து, மேடையில் பிள்ளைகள் படத்தைக் காட்டி விற்கிறோமே, அதைத்தான் கேட்கிறேன். ஊர்க்காரர்கள் கூடும் விருந்து என்று நடத்துவோம். செலவுக்குச் சரியாக டிக்கெட் விலை வைப்போம். நிதிக்கு வேறு வழி பார்ப்போம்.

கணக்குப்பிள்ளை (ஈப்போ)

நான் இரண்டு சங்கங்களுக்குக் கணக்குத் தணிக்கை பார்க்கிறவன். வேறு வழி தேடுவதற்கு முன் சட்ட விஷயம் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். பலரும் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வீடு வீடாகப் போய், பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) உண்டியல் வைத்து வசூல் செய்ய 1947ஆம் ஆண்டின் வீட்டு, தெரு வசூல் சட்டப்படி போலீஸ் அனுமதி வேண்டும். 'நம்ம ஊர்தானே, எல்லாருக்கும் தெரியுமே' என்பது செல்லாது. அதிர்ஷ்டக் குலுக்கல் டிக்கெட்டைப் பொதுமக்களுக்கு விற்றால் 1952ஆம் ஆண்டின் லாட்டரிச் சட்டம் வருகிறது. பரிசு என்ன என்று யோசிப்பதற்கு முன் அனுமதியைக் கேளுங்கள்.

சங்கம் 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டத்தில் பதிவானது. ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் 44(6) அங்கீகாரம் சங்கத்திடம் இல்லாவிட்டால், ரசீதில் 'வரிக்கழிவு உண்டு' என்று அச்சடிக்கவே கூடாது. கம்பெனிக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான், ஆசைக்குச் சொல்லிவிடாதீர்கள். வெளிநாட்டுக்குப் போகும் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். விருந்துப் பணமும் பிள்ளைகள் பணமும் ஒரே கணக்கில் கிடந்தால், எவ்வளவு நேர்மையான பொருளாளராக இருந்தாலும் கேள்விக்குப் பதில் சொல்லத் திணறுவார்.

ரிட்டையர்வாத்தியார்

இரட்டை ஊர் என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் பழைய கதை.

நகரங்கள் நகரங்களோடு கைகோப்பது நமக்குப் புதிதல்ல. பினாங்கின் ஜார்ஜ்டவுன் 1973லேயே ஆஸ்திரேலியாவின் அடிலெய்டோடு உறவு வைத்தது, 1984இல் இந்தோனேசியாவின் மேடானோடு. அவை மாநகர நிர்வாகங்கள் கையெழுத்துப் போடும் உறவு. நம்முடையது அப்படியில்லை, ஊர் ஜனங்களாகச் சேர்ந்து வைத்த உறவு. அதற்கும் முன்னோடி உண்டு.

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்தை 1940 நவம்பரில் ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டு எரித்தன. இரண்டு வருடம் கழித்து ரஷ்யாவில் ஸ்டாலின்கிராட் அதைவிடக் கொடுமையாக அழிந்தது. கோவென்ட்ரிப் பெண்கள் ஒரு மேசை விரிப்பை எடுத்தார்கள். தங்கள் பேரை அதில் நூலால் தைக்க ஆளுக்கு ஆறு பென்ஸ் கொடுத்தார்கள். எண்ணூற்றுச் சொச்சம் பேர். 'பெரிய அனுதாபத்தைவிடச் சின்ன உதவி மேல்' என்ற பொருளில் ஒரு வரியையும் தைத்து, விரிப்பையும் பணத்தையும் அனுப்பி வைத்தார்கள். 1944இல் அந்த இரண்டு ஊரும் இரட்டை ஊராயின. அந்த விரிப்பு இன்றும் ஸ்டாலின்கிராட்டில் (இப்போது வோல்கோகிராட்) அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வீடு இடிந்து கிடந்த ஊர்க்காரர்கள் செய்தது இது. ஆறு பென்ஸ் என்பது அன்றைக்கு ஒரு வேலைக்காரப் பெண் யோசிக்காமல் கொடுக்கக்கூடிய காசு. தம்பி சொன்ன பத்து வெள்ளியும் அப்படித்தான்.

நம்ம ஊர்க் கதையும் அதுவேதான். 1950களின் கடைசியில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள், ஜனங்கள் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். அந்தக் காசைப் போட்டவர்கள் யாரும் விருந்துக்குப் போனவர்கள் இல்லை. வாசலுக்கு வந்து கேட்டார்கள், கொடுத்தார்கள்.

ஹீவுட்டுக்காரி

வாத்தியார் சார் எழுதினதைப் படிச்சதும் என் மனசுல வந்தது முறுக்கு.

சிரிக்காதீங்க. தீபாவளிக்கு ஒரு மாசம் முன்னாடி நம்ம ஊருல எத்தனை வீட்டுல பலகாரம் ஆர்டர் எடுக்கிறாங்கன்னு பாருங்க. கோயில் மடைப்பள்ளியில எட்டு பெண்கள் சேர்ந்தா ஒரு சனிக்கிழமையில எவ்வளவு சுடலாம்னு எனக்குத் தெரியும். மாவு சலிச்சு, தேங்காய்ப்பாலும் ஓமமும் போட்டுப் பிசைஞ்சு, வாழை இலைத் துண்டு மேல பிழிஞ்சு எண்ணெய்க்குள்ள விடணும். எண்ணெயில நுரை அடங்கும்போது எடுக்கணும். அந்த நேரத்துல ஒரு ஆள் பக்கத்துல போய்ப் பேசினாலும் கருகிடும், அதனால எங்க அம்மா அடுப்புகிட்ட யாரையும் விடமாட்டாங்க. ஆறினதும் போத்தல்ல போட்டு டேப் ஒட்டணும். போத்தல் 20 வெள்ளின்னா ஈப்போ, கோலாலம்பூர்ல இருக்கிற நம்ம பிள்ளைங்களே வாங்கிடுவாங்க. அச்சு, அண்டா, கரண்டி வீட்டுல இருக்கு. காசு போறது மாவுக்கும் எண்ணெய்க்கும் கேஸுக்கும்தான்.

விருந்துல பெண்களுக்கு என்ன வேலை? வாசல்ல சந்தனம், குங்குமம் கொடுக்கிறது. இதுல முழு வேலையும் எங்க கையில.

செம்பனைலோரி

அக்கா நான் லோரி ஓட்டுறேன், கோலாலம்பூர் வரைக்கும் போத்தல் ஏத்திட்டுப் போறேன், கூலி வேணாம். ஆனா நல்லாக் கட்டி வைங்க, போன வருடம் பாதி உடைஞ்சு தூளாத்தான் போய்ச் சேர்ந்தது.

மொய்நோட்டு (கோல கங்சார்)

எங்க மாமனார் சொந்த ஊர் பேராவூரணிப் பக்கம். அங்கே ஆடி, ஆவணியில் மொய் விருந்து என்று நடக்கும், புதுக்கோட்டைப் பக்கமும் உண்டு. பணம் தேவைப்படுகிறவர் பத்திரிகை அடித்து ஊரைக் கூப்பிட்டுக் கிடா விருந்து போடுவார். செலவைக் குறைக்கப் பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் போடுவதும் உண்டு. வந்தவர்கள் சாப்பிட்டு மொய் எழுதுவார்கள். அந்தப் பணத்தில் பம்ப் செட் வாங்குவார், கடை வைப்பார், பிள்ளையைப் படிக்க வைப்பார். வட்டி கிடையாது. ஆனால் எழுதினவர் விருந்து வைக்கும்போது இவர் நோட்டைப் பார்த்துத் திருப்பி எழுதியாக வேண்டும், கொஞ்சம் கூட்டியே எழுதுவார்கள்.

இதில் வாங்குகிறவர் தலை குனிய வேண்டியதில்லை. இன்றைக்கு நான், நாளைக்கு நீ. நம்ம இரட்டை ஊர் உறவில் அந்த இரண்டாவது பக்கம் இல்லை. நாம் கொடுக்கிறோம், அவர்கள் நன்றிக் கடிதம் எழுதுகிறார்கள். அவர்களிடமிருந்து நாம் என்ன வாங்கிக்கொள்கிறோம்?

கொழுந்துக்காரி (ஹட்டன் பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். இந்த இழையை எங்கட டீச்சர் அனுப்பினாங்க. எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன், மொய் பற்றி அண்ணா எழுதினதைப் பார்த்துட்டு எழுதுறேன்.

முதல்ல நன்றி. தித்வா புயல் நேரம், 2025 நவம்பர் கடைசியில, மண்சரிவுல லயன்கள் போனப்ப உங்கட ஊரிலிருந்து வந்த காசு ரொம்ப உதவிச்சு. அதை மறக்க மாட்டோம்.

ஆனா உங்கட விருந்து வீடியோவையும் பார்த்தோம். மேடையில பெரிய திரையில எங்கட பிள்ளைகளைக் கால்ல செருப்பு இல்லாம காட்டினீங்க. அந்தப் பிள்ளை இப்ப உயர்தரம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தின வகுப்பு) படிக்குது. அதுக்கு அந்தப் படத்தைப் பார்த்து அழுகை வந்துட்டு. எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேற படம் தந்திருப்போம்.

என்ன தேவைன்னும் கேட்டிருந்தா சொல்லியிருப்போம். பழைய உடுப்பு வேணாம். உயர்தரத்துல கணிதம், விஞ்ஞானம் படிக்க ஆசைப்படுற பிள்ளைகளுக்கு எங்கட தோட்டப் பாடசாலையில ஆசிரியர் இல்ல, டவுனுக்குப் போகணும். பஸ் காசும் டியூஷன் காசும் இல்லாமத்தான் பல பிள்ளைங்க நிக்குது. கொழுந்து நிறை குறைஞ்சா அம்மாவுக்கு அரைப் பேர்தான் (அரைநாள் சம்பளம்தான்) போடுவாங்க. அந்த மாசம் பிள்ளை வீட்டுல. மாசா மாசம் சின்னக் காசு நிலையா வந்தா போதும், வருசத்துக்கு ஒரு தரம் பெரிய காசோலை வந்து நின்னா அடுத்த மாசம் என்ன செய்யிறது?

எங்களாலயும் தர முடியும். 2023ல எங்கட ஆக்கள் மலையகத்துக்கு வந்து 200 வருசம்னு தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் நடந்துச்சு. அப்ப எங்கட தாத்தா பாட்டிமார்கிட்ட கேட்டுக் கதைகளைப் பதிவு பண்ணினோம். கப்பல்ல வந்தது, 1948ல குடியுரிமை போனது, 1964ல இந்தியாவும் இலங்கையும் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால பல பேரை இந்தியாவுக்கு அனுப்பிக் குடும்பம் பிரிஞ்சது. உங்கட தோட்டத்துப் பெரியவங்க கதையையும் எங்களுக்குத் தாங்க, சேர்த்துப் பார்ப்போம். ரெண்டு பேரும் அதே ஊர்களிலிருந்துதானே கப்பல் ஏறினோம்.

மேசைநாலு

தங்கச்சி, அந்த வீடியோவை எடுத்துவிடச் சொல்கிறேன். மன்னிச்சுக்கோம்மா. இனிமேல் உங்க ஊர் ஒப்புதல் இல்லாமல் ஒரு படமும் திரையில் வராது. இதைக் கூட்டத்தில் தீர்மானமாகவே எழுத வைப்பேன்.

தம்பி, நீங்க சொன்ன மாதிரி விருந்தைத் தனியா வைப்போம், நான் சம்மதம். ஒரே ஒரு நிபந்தனை. விருந்து பகல்ல, கோயில் மண்டபத்துல, வாழை இலை சாப்பாடு. அப்பதான் தலைக்கு 25 வெள்ளிக்குள்ள முடியும், பெரியம்மாக்களும் பஸ்ல வந்து போகலாம்.

கணக்குப்பிள்ளை

மாதச் சந்தா என்றால் வங்கியில் நிலை உத்தரவு (மாதாமாதம் தானாகப் பணம் போகும் ஏற்பாடு) போடலாம். மாதம் பத்து வெள்ளி, நூறு பேர் என்றால் வருடத்துக்கு 12,000. மேலே தம்பி போட்ட கணக்கில் விருந்து மிச்சம் 4,000தான். ஒரு பைசா ஹால் வாடகை இல்லை. ஆனால் சொல்லிவிடுகிறேன், மூன்றாவது மாதத்தில் பாதிப்பேர் நிறுத்திவிடுவார்கள். அப்போது பிள்ளையின் பஸ் காசு நின்றுவிடக் கூடாது. முறுக்குப் பணத்தைச் செலவழிக்காமல் ஆறு மாதச் சேமிப்பாக வைத்துக்கொண்டு, சந்தா குறையும் மாதத்தில் அதிலிருந்து எடுங்கள்.

தாப்பாத்தம்பி

அங்கிருந்து தேயிலை வரவழைத்து இங்கே விற்றால் என்ன? அவங்களுக்கு வியாபாரம், நமக்கு நிதி.

கணக்குப்பிள்ளை

நல்ல யோசனை, ஆனால் அவசரப்படாதீர்கள். பயணப் பையில் இரண்டு கிலோ கொண்டுவருவது வேறு, விற்பதற்காக இறக்குமதி செய்வது வேறு. உரிமம், லேபிள், உணவுச் சட்டம் எல்லாம் வரும். இன்னொன்று, தோட்டத் தொழிலாளி பறிக்கும் தேயிலை கம்பெனிக்குச் சொந்தம், அவருக்கில்லை. அதை வாங்கினால் லாபம் யாருக்குப் போகும் என்று பாருங்கள். சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவு ஏதாவது இருந்தால் அதோடு பேசலாம்.

ரிட்டையர்வாத்தியார்

தேயிலை என்றதும் ஞாபகம் வந்தது. இங்கிலாந்தில் கார்ஸ்டாங் என்ற சின்ன ஊர், 2000ஆம் ஆண்டில் உலகத்தின் முதல் நியாய வணிக ஊர் (விளைவிக்கிறவருக்கு நியாயமான விலை கிடைக்கும் பொருளை ஆதரிக்கும் ஊர்) என்று தன்னை அறிவித்துக்கொண்டது. பிறகு அது கைகோத்தது கானாவில் கோகோ விளையும் நியூ கோஃபோரிடுவாவோடு. வாங்குகிற ஊரும் விளைவிக்கிற ஊரும். தாப்பாத் தம்பி சொன்னது கனவு இல்லை, நிதானமாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

ஹீவுட்டுக்காரி

எனக்கு வேற ஒண்ணு தோணுது. அந்த மேசை விரிப்பு. நாம ஒரு வெள்ளைப் பருத்திச் சேலை எடுப்போம். பேர் தைக்க அஞ்சு வெள்ளி. தோட்டத்துப் பெரியம்மா யாராயிருந்தாலும் அவங்க பேரை அவங்களே சொல்லி, அவங்க கண்ணு முன்னாடி தைக்கணும். பாதிச் சேலை நாம தைச்சு அனுப்புவோம். மீதிப் பாதியில கொழுந்து பறிக்கிற பெண்கள் பேரை அவங்க தைக்கட்டும். அவங்க காசு தர வேணாம்.

எழுதப் படிக்கத் தெரியாதவங்க நிறையப் பேர் இருக்காங்க. பெயரை நான் துணியில பென்சிலால எழுதிக் கொடுப்பேன், அதுமேல நூல் ஓட்டட்டும்.

கொழுந்துக்காரி

அக்கா, காசு நாங்களும் தருவோம். எங்கட ரூபாய்ல, எங்களால முடிஞ்சது. இல்லாட்டி எங்கட பேரை நாங்க தைக்க மாட்டோம்.

மொய்நோட்டு

இதுதான் நான் கேட்டது.

பால்மரத்துப்பேரன்

சரி, கூட்டத்தில் நான் வைக்கப்போகும் தீர்மானங்கள் இவை. விருந்து பகலில், கோயில் மண்டபத்தில், செலவுக்குச் சமமான விலை. அதை நிதி திரட்டும் நிகழ்ச்சி என்று அழைக்கக் கூடாது. பிள்ளைகள் நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு. மாதச் சந்தாவை இந்த மாதமே ஆரம்பிக்கிறோம். முறுக்கு, சேலை இரண்டுக்கும் ஹீவுட்டுக்காரி அக்கா பொறுப்பு. எங்கே விற்றாலும், எங்கே பேர் கேட்டுப் போனாலும், கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்ன அனுமதியை முதலில் கேட்டுவிட்டுத்தான். செயற்குழுக் கூட்டங்களில் ஹட்டன் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தர் வீடியோ அழைப்பில் உட்கார வேண்டும், வாக்கும் வேண்டும். சங்க விதியில் இதற்கு இடம் இல்லாவிட்டால் விதியைத் திருத்தப் பதிவிலாகாவுக்கு எழுதுவோம்.

எதிர்ப்பு இருந்தால் இங்கேயே எழுதுங்கள், கூட்டத்தில் வந்து பேசுங்கள், இரண்டுக்கும் நான் தயார்.

செம்பனைலோரி

வாக்கு விஷயம் பெரிய ஆளுங்களுக்குப் பிடிக்காது. நான் கை தூக்குறேன்.

ஹீவுட்டுக்காரி

ஜாலோங், லிந்தாங் பக்கம் இருக்கிறவங்க முறுக்கு ஆர்டர் என்கிட்ட கொடுங்க. சேலைக்கு மாம்பழ மஞ்சள் நூலா, சிவப்பு நூலா? தங்கச்சி, உங்க டவுன்ல எந்த நிறம் கிடைக்கும்னு கேட்டுச் சொல்லுங்க, ரெண்டு பாதியும் ஒரே நூலா இருக்கட்டும்.